உகண்டா அங்கிளின் தபால் ஒன்றியம்

உகண்டா அங்கிள் உகண்டாவைக் கண்ணால் கண்டவர் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்தவர். ரொறன்ரோவுக்கு வந்து ஒரு கம்பனியின் கடிதப் பகுதியில் அதே வேலையைப் பார்த்து, ஓய்வு பெற்று, மோர்னிங்சைட்டில் எங்கள் பில்டிங்கின் நாலாம் மாடியில் தனியே இருந்தார். மனைவி காலமாகிவிட்டார். மகள் கலியாணம் கட்டிப் பிக்கரிங்குக்குப் போய்விட்டாள். சொந்தப் பெயர் ஒன்று கீழே தபால் பெட்டியில் ஒட்டியிருந்தது. அதை இங்கே எழுதுவதில் பிரயோசனமில்லை. அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் சனத்துக்கே ஆளைத் தெரியாது.

பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு பொருட்கள் தனித்தனியாக இருப்பதை அந்த மனிதரால் பொறுக்க முடியாது. எப்படியாவது ஒன்றாக்கிவிட வேண்டும். நான் கலியாணம் கட்டி அந்தப் பில்டிங்குக்கு வந்த புதிதில், கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில்தான் அவரை முதன்முதலில் கண்டேன். மூன்று மெஷினில் மூன்று வீட்டு உடுப்புகள் அரைகுறையாகக் கிடந்தன. "ஏன் பிள்ளை மூண்டு மெஷின் ஓடுறது? சேர்த்துப் போட்டால் ஒண்டு காணும்தானே" என்றார். நியாயமாகத்தான் பட்டது. சேர்த்துப் போட்டோம். என் கூறைச் சேலைக்குள் கட்டும் சிவப்புப் பாவாடையும் அதற்குள் கிடந்தது எனக்கு நினைவில்லை. அன்றிலிருந்து ஐந்தாம் மாடிக் கணக்காளர் ஐயா கோயிலுக்கு ரோஸ் நிற வேட்டியோடு போனார். அங்கிள் மட்டும் அசையவில்லை. "முதல் முயற்சியிலை உப்பிடி வரும். கென்யாவிலையும் வந்தது" என்றார்.

அந்தக் கென்யா எங்கிருந்து வந்தது என்று கேட்டதுதான் நான் விட்ட பிழை. மேலே கூட்டிக்கொண்டு போய் ஒரு பச்சை அல்பத்தை மேசையில் விரித்தார். மூன்று மணித்தியாலம். தேத்தண்ணி இரண்டு தரம் வந்தது, என் புருசனின் போன் நாலு தரம் வந்தது.

அல்பம் முழுக்க ஒரே வகை முத்திரைகள். கென்யா, உகண்டா, பின்னாளில் தான்சானியாவான தங்கனிக்கா. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்த அந்த மூன்று தேசங்களும் சேர்ந்து ஒரே தபால் ஒன்றியம் வைத்திருந்தன. ஒரே முத்திரை, அதில் மூன்று பெயர்கள். ஒரு தேசத்தில் வாங்கிய முத்திரையை மற்றத் தேசத்தில் ஒட்டலாம். கொண்டை வைத்த கொக்கு, ஏரியில் பாய்விரித்த வள்ளம், பாலத்தின் மேல் ரயில் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். முத்திரையில் விரல் படவில்லை, காற்றில்தான் நின்றது.

"இஞ்சை பாரும் பிள்ளை. இதிலை உகண்டா முன்னுக்கு. இதிலை தங்கனிக்கா முன்னுக்கு. இதிலை கென்யா. விளங்குதோ? ஒருத்தருக்கும் மனவருத்தம் வரப்படாது எண்டு பேரை மாத்தி மாத்திப் போட்டிருக்கிறான்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "வெள்ளைக்காரன் தன்ரை வசதிக்குச் செய்தது அங்கிள். அந்தச் சனத்தை ஆர் கேட்டது?"

அவர் கோபிக்கவில்லை. "ஓம். தன்ரை வசதிக்குத்தான் செய்தவன். கள்ளன்தான். ஆனா மொம்பாசாவிலை வேலை செய்த பொடியன் கம்பாலாவிலை இருக்கிற தாய்க்குப் போட்ட கடிதம் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ? அதைச் சொல்லும்."

கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அல்பத்தை மூடிவிட்டார். சுதந்திரத்துக்குப் பிறகும் கொஞ்சக் காலம் சேர்ந்து இருந்து, பிறகு மூன்று நாடும் ஆளுக்கொரு முத்திரை அடிக்கத் தொடங்கினவையாம். அதற்குப் பிறகு வந்த ஒன்றையும் அவர் சேர்க்கவில்லை. "பிரிஞ்சவையின்ரை முத்திரை எனக்கெதுக்கு" என்றார்.

இனி எங்கள் மூன்று பில்டிங்குகளுக்கு வருகிறேன். ஒரே கார்த் தரிப்பிடத்தைச் சுற்றி மூன்று பில்டிங்குகள். முதலாவதில் பெரும்பாலும் வடமராட்சிச் சனம். நடுப் பில்டிங்கில் தீவுப் பகுதிச் சனமும், என்னைப்போல் மன்னாரிலிருந்து வந்த, மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரரும், அங்கிளைப்போல் சிலரும் கலந்து. மூன்றாவதில் வன்னிச் சனம். கோடையில் ஒரே பூங்காவில், ஒரே ஞாயிற்றுக்கிழமையில், மூன்று ஒன்றுகூடல் வைப்போம். மூன்று அடுப்பு, மூன்று ஒலிபெருக்கி, கயிறிழுப்புக்கு மூன்று கயிறு. அங்கிள் அந்த மூன்றுக்கும் போய், மூன்றிலும் அரைவயிறு சாப்பிட்டுவிட்டு, மூன்றாவது இடத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஆனால் ஒரு விசயத்தில் மூன்று பில்டிங்கும் ஒன்றுதான். ஊருக்குப் போகிறவர் போகிறதைச் சொல்லமாட்டார். சொன்னால் முடிந்தது. பால்மா, சப்பாத்து, விற்றமின் குளிசை என்று ஆளாளுக்குப் பொட்டலத்தோடு கதவைத் தட்டுவார்கள். போகிறவர் தன் சட்டை இரண்டை எடுத்து வெளியே வைத்துவிட்டு மற்றவரின் பால்மாவைச் சுமக்க வேண்டும். அதனால் எல்லாரும் கள்ளக்கடத்தல்காரர் மாதிரி ஒளித்துத்தான் பறப்பார்கள். முதலாம் பில்டிங் பவளம் அன்ரி ஒருமுறை சூட்கேசைக் கறுப்புக் குப்பைப் பையால் மூடி, குப்பை போடப் போவதுபோல லிஃப்டில் இறங்கி, விமான நிலையத்துக்குப் போனவ. அந்தப் பில்டிங்குக்கு ஏதோ அலுவலாய்ப் போயிருந்த அங்கிள் லிஃப்டுக்குள் அவவைக் கண்டு, பாவம், "தாருங்கோ தங்கச்சி, நான் கொண்டுபோய்ப் போட்டுவிடுறன்" என்று பையைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்.

அந்த வாரமே அங்கிள் தபால் ஒன்றியத்தைத் தொடங்கிவிட்டார்.

முதலாம் பில்டிங்கின் பார்ட்டி ரூமில் கூட்டம். திட்டம் நல்ல திட்டம்தான், பொய் சொல்லக்கூடாது. ஊருக்குப் போகிற எவரும் ஒன்றியத்துக்கு மூன்று கிலோ மட்டும் கொடுத்தால் போதும். அதற்குமேல் ஒரு ஊசியும் அவரிடம் ஒருவரும் கொடுக்கப்படாது. அந்த மூன்று கிலோவில் ஆறு பொதி, ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்கு மேற்படாமல். பில்டிங்குக்கு இரண்டு. வரிசைப்படி. ஒளித்துப் பறக்கவும் தேவையில்லை, குப்பைப் பையும் தேவையில்லை.

பத்து நிமிசத்தில் எல்லாரும் சம்மதித்தார்கள். பிறகு பெயர்ப் பிரச்சினை வந்தது. அது இரண்டு மணித்தியாலம் போனது.

"எங்கடை பில்டிங் பேர் முன்னுக்கு வரவேணும். கட்டினதே நாங்கள்தான் முதல்" என்றா பவளம் அன்ரி. அவ கட்டியதுபோலத்தான் சொன்னா.

அங்கிள் இதற்காகவே பிறந்தவர் மாதிரி எழும்பினார். சட்டைப் பையிலிருந்து மூன்று ரப்பர் முத்திரைகளை எடுத்து மேசையில் வைத்தார். முன்கூட்டியே செய்வித்துக்கொண்டு வந்திருக்கிறார் மனிதர். மூன்றிலும் மூன்று பில்டிங் இலக்கமும் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இலக்கம் முன்னுக்கு. ஒவ்வொரு பயணத்துக்கும் முத்திரை மாறும். பவளம் அன்ரி மூன்றையும் தாளில் குத்திப் பார்த்து, எழுத்துகள் எல்லாம் ஒரே அளவா என்று கண்ணாடியை ஏற்றிப் பார்த்து, கடைசியில் "சரி, பரவாயில்லை" என்றா.

என் கையெழுத்து வடிவு என்று யாரோ சொல்லித் தொலைக்க, என்னை எழுதுநராக்கினார்கள். அங்கிள் செயலாளர். அன்று அவர் தானே எழுந்து ஒரு விதி சேர்த்தார். "செயலாளர் தன்ரை சாமானை அனுப்புறதெண்டால் அது எப்பவும் வரிசையிலை கடைசி. எழுதும் பிள்ளை." எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், மடைச்சி.

ஒன்றியம் ஓடத்தான் செய்தது. போகும்போது சப்பாத்தும் குளிசையும் போயின. வரும்போது மிளகாய்த்தூளும் பனங்கிழங்கு ஒடியல் மாவும் வந்தன. அங்கிள் வீட்டு வரவேற்பறை அலுமாரிதான் கந்தோர். கேக் செய்கிறவர்கள் வைத்திருக்கும் சின்னத் தராசு ஒன்றில் ஒவ்வொரு பொதியையும் வாங்கும்போது ஒருமுறை, அனுப்பும்போது ஒருமுறை நிறுப்பார். நான் கொப்பியில் எழுதி முத்திரை குத்துவேன். கிராமில் அரைக் கிராம் பிசகாது. ஒருநாள் என் பேனையின் மூடியைத் தராசில் மறந்து வைத்துவிட்டேன் என்பதற்காக ஆறு பொதியையும் திரும்ப நிறுத்தார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்தத் தராசைப் பல்கனியால் எறிந்திருப்பேன்.

இனித்தான் அவருடைய அக்காவின் கதை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கிள் யாழ்ப்பாணத்திலிருக்கும் அக்காவுக்குப் போன் எடுப்பார். அவரை வளர்த்ததே அந்த அக்காதான். அவவுக்குக் காது வரவரப் போய்க்கொண்டிருந்தது. அதனால் இவர் கத்துவார். "அக்கா! சாப்பிட்டியளோ! சாப்பாடு! சா-ப்-பா-டு!" நாலாம் மாடியில் கத்துவது ஒன்பதாம் மாடிக்குக் கேட்கும். கோடையில் யன்னல் திறந்திருந்தால் மற்ற இரண்டு பில்டிங்குக்கும் கேட்கும். மூன்று பில்டிங் சனமும் அந்த அக்கா என்ன சாப்பிட்டா, மழை பெய்ததா, பசு கன்று போட்டதா என்று ஞாயிறு தோறும் அறிந்து வைத்திருந்தோம்.

அக்காவுக்குக் காது மெஷின் ஒன்று செய்விக்க அவர் ஒரு வருசம் பாடுபட்டார். அக்காவின் பக்கத்து வீட்டு நேர்ஸ் பிள்ளை காதைச் சோதித்து, காதின் அச்சை எடுத்து அனுப்பினாள். இங்கே அதன்படி செய்வித்தார். தீப்பெட்டி மாதிரி ஒரு சின்னப் பெட்டியில் அது வந்து சேர்ந்தது. அதை அலுமாரியில், மற்றப் பொதிகளுக்குப் பின்னால் வைத்தார். வரிசையில் கடைசி.

வரிசைக்குத்தான் முடிவே இல்லையே. யாராவது போகும்போது ஆறு பொதி போகும், அதற்குள் புதிதாக எட்டுப் பொதி வந்துவிடும். செயலாளர் எப்போதும் கடைசி. ஆடி போய், ஆவணி போய், ஐப்பசியும் வந்துவிட்டது. அக்காவின் காதுக்கென்று அளவெடுத்த மெஷின், யாருடையவோ பால்மாவுக்குப் பின்னால் கிடந்தது.

"அங்கிள், இது ஒரு தீப்பெட்டியளவு. ஆற்றையேன் கால்சட்டைப் பையிலை போகும்."

"நிறையிலை பிரச்சினை இல்லைப் பிள்ளை. வரிசையிலைதான் பிரச்சினை."

"அப்ப தபாலிலை போடுங்கோவன். தபால்காரன்தானே நீங்கள்?"

"ஒன்றியத்தைத் தொடங்கினவனே தபாலிலை அனுப்பினால் சனம் என்ன சொல்லும்?"

ஒரு ஞாயிறு அவர் கத்தியது வழமையை விடக் கெதியாக நின்றுவிட்டது. பிறகு படியில் கண்டபோது கேட்டேன். "அக்கா இனிப் போனுக்கு வரமாட்டாவாம்" என்றார். "நேர்ஸ் பிள்ளை சொல்லுது. கேக்காத போனை ஏன் பிடிச்சுக்கொண்டு நிக்கவேணும் எண்டு கேக்கிறாவாம். அவ சொல்லுறதும் சரிதானே." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அவரில், அவருடைய விதியில், அன்று கை தட்டிய என்னில்.

அடுத்த புதன்கிழமை மூன்றாம் பில்டிங் யூட் அண்ணை ஊருக்குப் போக இருந்தார். அந்த முறை எங்கள் பில்டிங்கின் இரண்டு பொதிகளில் ஒன்று என்னுடையது. மன்னாரில் தங்கச்சியின் மகளுக்கு ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து. அங்கிள் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போன நேரம் அலுமாரியைத் திறந்தேன். பால்மாவுக்குப் பின்னால் கையை விட்டு அந்தச் சின்னப் பெட்டியை எடுத்து, என் இடது சப்பாத்துக்குள் திணித்து, பொதியைத் திரும்ப ஒட்டினேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே கடத்தல் அது.

அங்கிள் வந்து தராசை இழுத்து வைத்தார். நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை. சப்பாத்து முந்தநாள் நானூற்றி அறுபது. இண்டைக்கு ஐந்நூறு. நாப்பது கிராம் கூட."

"சொக்ஸ் வைச்சனான் அங்கிள்."

"சொக்சோ?"

"ஓம். ஒரு சோடி."

அரைக் கிலோ விதிக்குள்தான் இருந்தது, மறுக்க வழியில்லை. "எழுதாமல் வைக்கப்படாது. பிறகு திருத்தி எழுதும்" என்றார். யூட் அண்ணையிடம் நான் தனியாகச் சொன்னேன். "அண்ணை, இடது சப்பாத்துக்குள்ளை ஒரு பெட்டி கிடக்கு. அதை அங்கிளின்ரை அக்காவிட்டைக் குடுங்கோ. அங்கிளுக்கு மூச்சு விடாதேங்கோ."

வியாழக்கிழமை பின்னேரமே கொப்பியும் கையுமாக என் கதவடியில் நின்றார். அலுமாரியைத் துடைத்தவர் பெட்டியைக் காணாமல் ஒரு கணத்தில் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டுவிட்டார்.

"ஆற்றை இடத்தைப் பறிச்சு என்ரையை அனுப்பினனீர்?"

"ஒருத்தற்றையும் இல்லை. என்ரை இடம். என்ரை சப்பாத்து."

"அது வரிசை இல்லைப் பிள்ளை. அது சலுகை. உகண்டாவுக்குச் சலுகை குடுத்தால் கென்யா விட்டிட்டு இருக்குமோ?"

"அங்கிள், உங்கடை அக்கா உகண்டாவும் இல்லை, கென்யாவும் இல்லை!"

நான் கத்தியது எனக்கே கூடுதலாகத்தான் இருந்தது. அவர் கொப்பியோடு திரும்பிப் போனார். சனிக்கிழமை அவசரக் கூட்டம் என்று மூன்று பில்டிங் லிஃப்டிலும் அறிவித்தல் ஒட்டியிருந்தது. மூன்று அறிவித்தலிலும் மூன்று விதமான பெயர் வரிசை. அந்த மனநிலையிலும் அதை மறக்கவில்லை மனிதர்.

கூட்டத்தில் எழுந்து நின்று தன் குற்றத்தைத் தானே வாசித்தார். செயலாளரின் பொதி வரிசை தப்பிப் போய்விட்டது, ஆகவே செயலாளர் விலகுகிறார் என்று மூன்று முத்திரைகளையும் மேசையில் வைத்தார். எனக்குத் தலை நிமிரவில்லை. ஒன்றியம் அங்கேயே உடையப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

பவளம் அன்ரி எழும்பினா. போச்சுடா என்று நினைத்தேன்.

"உந்த மனிசன் ஞாயிற்றுக்கிழமை கத்துறதாலை எங்கடை பில்டிங்கிலை ஒருத்தருக்கும் நித்திரை இல்லை. அந்த மெஷின் முதல் பிளேனிலையே போயிருக்கவேணும். உதைக் கடைசியிலை வைச்சது ஆர்? அதுக்கு விளக்கம் தாங்கோ முதல்."

கூட்டம் சிரித்துவிட்டது. முத்திரைகளை அவரிடமே திருப்பித் தள்ளிவிட்டா அன்ரி. அங்கிள் அவற்றைத் தொடவில்லை. விதி விதிதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அவற்றைக் கைலேஞ்சியில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

சனி இரவு யூட் அண்ணையின் போன் வந்தது. "குடுத்திட்டன் தங்கச்சி. மனிசி பெட்டியைத் திறந்து பார்த்திட்டு, தம்பிக்கு விசர் எண்டு சொல்லி அப்பிடியே அலுமாரிக்குள்ளை வைச்சிட்டா. போடுவாவோ தெரியாது." தம்பியும் அலுமாரி, அக்காவும் அலுமாரி என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன குடும்பமடா இது!

ஞாயிறு காலை எட்டு மணி. ஐப்பசிக் குளிரில் நான் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். எதிர்ப் பில்டிங்கில் பவளம் அன்ரியின் யன்னலும் திறந்திருந்தது. எட்டேகால். ஒரு சத்தமும் இல்லை. அக்கா போனுக்கு வரவில்லை போலும். எட்டரை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தனியே இருக்கிற மனிதர். மேற்சட்டையை மாட்டிக்கொண்டு முத்திரைகளையும் எடுத்துக்கொண்டு படியால் ஓடினேன். நான் நாலாம் மாடிக்குப் போகும்போது பவளம் அன்ரி லிஃப்டிலிருந்து இறங்கினா, இரவுச் சட்டைக்கு மேல் பனிக்கோட்டு. பின்னால் மூன்றாம் பில்டிங் ஆட்கள் இரண்டு பேர். ரோஸ் வேட்டி ஐயாவும் வந்துவிட்டார்.

கதவைத் தட்டினோம்.

அங்கிள் திறந்தார். காதில் போன். மற்றக் கையின் விரலை உதட்டில் வைத்து எங்களைப் பேசவிடாமல் மறித்தார். கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. அவர் போனுக்குள் குசுகுசுவென்று ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை.

போனுக்குள்ளிருந்து அக்காவின் குரல் விறாந்தை முழுக்கக் கேட்டது. இவ்வளவு காலமும் காது கேளாமல் கத்திப் பழகின குரல்.

"கத்தாதை தம்பி! எனக்கு எல்லாம் கேக்குது!"

பவளம் அன்ரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. பிறகு கோட்டின் கையால் கண்ணைத் துடைத்தா. மூன்று பில்டிங் சனமும் அந்த வாசலில், சப்பாத்துக் கழற்றும் பாயில் நெருக்கியடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் நின்று அவர்கள் கதைத்து முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.

அங்கிள் போய் ஆறு வருசமாகிறது. கடைசிக் காலத்தில் மகளோடு பிக்கரிங்கில் இருந்தார். அங்கேயும் பக்கத்து மூன்று வீட்டுக்காரரைப் பனி தள்ளும் ஒன்றியம் ஒன்றில் சேர்த்துவிட்டாராம். எனக்கு அவரை நினைத்தால் முதலில் சிரிப்புத்தான் வருகிறது. பிறகு மற்றது வருகிறது.

அந்த ஞாயிறு எல்லாரும் போன பிறகு நான் மூன்று முத்திரைகளையும் மேசையில் வைத்தேன். அங்கிள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்து என் முன்னால் விரித்தார். யூட் அண்ணையின் பக்கம். சப்பாத்துக்கு நேரே நாற்பது கிராம் கூடுதல் என்று அவருடைய கையெழுத்தில் இருந்தது. பக்கத்தில் காரணம் எழுதும் இடம் வெறுமையாகக் கிடந்தது. பேனையை என்னிடம் நீட்டினார்.

"என்ன எழுத அங்கிள்?"

கிராமில் அரைக் கிராம் பிசகாத மனிதர் தராசைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்தார்.

"சொக்ஸ் எண்டு எழுதும்" என்றார்.